மாளிகைக்கு வரலாறு உண்டு, குடிசைக்கு?

தரங்கம்பாடிக் கடற்கரையிலே ஒரு மாளிகை நிற்கிறது. தூண் வரிசை தாங்கும் தாழ்வாரம், அகன்ற அறைகள், வெண்சுண்ணம் தீற்றிய சுவர்கள்! டேனிஷ் ஆளுநர் குடியிருந்த இல்லம் அது. ஆங்கிலேயர் காலத்தில் உப்புக் கிடங்காகி, பின்னர்ப் பாழடைந்து கிடந்ததை, 2010-களில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு செப்பனிட்டு நிமிர்த்தினர். எதிரே, அதனினும் பழைய டான்ஸ்போர்க் கோட்டை. காண வருவோர் வியக்கின்றனர், படம் எடுக்கின்றனர், "எத்தகைய எழில்! எத்தகைய அமைதி! ஆங்கிலேயரைப்போல் அடக்கி ஆண்டவர்களல்லர் டேனியர், வணிகம் செய்தனர், அச்சுக்கூடம் தந்தனர், போய்விட்டனர்" என்று புகழ்கின்றனர்.

புகழட்டும்! எழிலை ரசிப்பதை நாம் தடுக்கவில்லை. ஆனால் அந்த மாளிகையைப் பற்றி நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. இதன் விலையைக் கொடுத்தவர் யார்?

ஆளுநர் கொடுத்தார் என்பர். கும்பினி கொடுத்தது என்பர். கணக்கேட்டில் அப்படித்தான் இருக்கும். ஆனால் கணக்கேட்டில் ஏறாத கணக்கும் உண்டு, தோழர்களே! அதைத்தான் இங்கே கூட்டிப் பார்க்கிறோம்.

*

1618-இல் டென்மார்க் மன்னன் நான்காம் கிறித்தியானின் கப்பல்கள், ஓவே யெட்டே என்பானின் தலைமையில் புறப்பட்டன. 1620 நவம்பரில் தஞ்சை நாயக்க மன்னன் இரகுநாதன் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டான். ஆண்டுக்கு இவ்வளவு வரி. அதற்கு ஈடாகக் கடலோரத்தில் ஓர் ஊர். கோட்டை கட்டிக்கொள்ளவும் வணிகம் நடத்தவும் உரிமை! டேனிஷ் மன்னனுக்கு அவன் எழுதிய மடல் பொன்னேட்டில் பொறித்தது. எழுத்து தமிழ், கையொப்பம் தெலுங்கு. அந்தப் பொன்னேடு இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இரகுநாதன் தெலுங்கில் காவியம் பாடியவன். வடமொழிப் புலவர்களைப் போற்றியவன். கலையுள்ளம் படைத்த மன்னன் என்று ஏடுகள் ஏத்துகின்றன. அந்தக் கலையுள்ளம், கையொப்பமிடுமுன், சடங்கன்பாடி என்று பழங்கல்வெட்டு குறிக்கும் அந்த ஊரிலே வலை உலர்த்தியவனை ஒரு சொல் கேட்டதுண்டோ? பக்கத்துச் சிற்றூர்களில் சேற்றில் நின்றவனைக் கேட்டதுண்டோ? இல்லை! நிலம் மன்னனுடையது; நிலத்தின்மேல் இருந்த மனிதன் நிலத்தோடு போகும் பொருள். அவ்வளவுதான். பொன்னேட்டிலே ஊர் உண்டு, வரி உண்டு, துறைமுகம் உண்டு, மனிதன் இல்லை!

கோட்டை எழுந்தது. தஞ்சைச் சமவெளி வண்டல் பூமி, பாறை கிடையாது. செங்கல் அறுத்து, சூளை வைத்து, சுண்ணாம்பு அரைத்து, சுமந்து சென்று எழுப்பவேண்டும். எழுப்பியோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கோட்டையின் அமைப்பைப் பாருங்கள். மேல்தளத்தில் ஆளுநரின் அறை, வணிகரின் அறை, பாதிரியாரின் அறை, வழிபாட்டுக் கூடம். கீழ்த்தளத்தில் பண்டகசாலை, சமையற்கூடம், சிறை. மேலே செபம்; கீழே சிறை. மேலே, மனிதரெல்லாம் ஒரே தேவனின் பிள்ளைகள். கீழே, சரக்கும் கைதியும்!

அச்சுக்கூடம் தந்தார்களே என்பர். 1706-இல் சீகன்பால்கு வந்தார். 1712-இல் அச்சுப்பொறி வந்தது. புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. உண்மை. மத நூல் அச்சிடவே வந்த பொறி என்றாலும், தமிழ் எழுத்து உலோகத்தில் வார்க்கப்பட்டதை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் அந்தப் பெருமையைக் கோட்டைக்கு எழுதலாகாது. 1708-இல் அதே சீகன்பால்குவைப் பிடித்து, நான்கு மாதம் சிறையில் அடைத்தவன், அதே கோட்டையிலிருந்த ஆளுநன் ஹாசியுஸ்! எழுத்தைத் தந்தது மாளிகை அன்று; எழுத்தைத் தந்தவனைப் பூட்டி வைத்தது மாளிகை.

*

இனி, "சாதுவான டேனியர்" என்னும் பேச்சுக்கு வருவோம்.

தரங்கம்பாடியில் பறந்த அதே கொடி வேறு எங்கெல்லாம் பறந்தது? ஆப்பிரிக்காவின் பொற்கரையில், அக்ரா நகரின் கிறித்தியான்ஸ்போர்க் கோட்டையில் பறந்தது. கரீபியக் கடலிலே, 1672 முதல் செயின்ட் தாமஸ் தீவில், 1718 முதல் செயின்ட் ஜான் தீவில், 1733-இல் பிரெஞ்சுக்காரரிடம் விலைக்கு வாங்கிய செயின்ட் குரோய் தீவில் பறந்தது. மூன்று கண்டங்கள், ஒரே கொடி! இடையே ஓடிய வணிகம் என்ன?

தமிழகத்துத் தறியில் நெய்த பருத்தித் துணி தரங்கம்பாடியில் கப்பலேறியது; கோபன்ஹேகனில் இறங்கியது. அதில் ஒரு பகுதி மறுபடியும் கப்பலேறி ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றது. அங்கே துணியைக் கொடுத்தனர்; மனிதனை வாங்கினர். வாங்கிய மனிதனைக் கரீபியத் தீவுகளில் கரும்புத் தோட்டத்துக்கு விற்றனர். கரும்பு சருக்கரையாகி, சருக்கரை வெள்ளியாகி, வெள்ளி மறுபடியும் துணி வாங்கத் தரங்கம்பாடிக்கு வந்தது. இப்படி டேனிஷ் கப்பல்களில் கடல் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். தன் தறியில் ஓடிய நூல், எங்கோ ஒரு கறுப்பனின் கழுத்துக் கயிறாயிற்று என்பதை அறியாமலே நெய்தான் நம் கைக்கோளன்.

அந்தக் கறுப்பன் வாளா இருந்தானா? இல்லை! 1733 நவம்பரில் செயின்ட் ஜான் தீவின் அடிமைகள் கோட்டையைக் கைப்பற்றினர். மாதக்கணக்கில் தீவின் பெரும்பகுதி அவர்கள் வசம் இருந்தது. அடக்குவதற்கு மார்ட்டினிக்கிலிருந்து பிரெஞ்சுப் படை வரவேண்டியிருந்தது. 1792-இல் டேனிஷ் மன்னன் அடிமை வணிகத்துக்குத் தடை விதித்தான். எப்போது முதல்? 1803 முதல்! பாவத்தை விடுவதற்குப் பத்தாண்டுத் தவணை! அதற்குள் வேண்டிய அளவு வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள் என்று தோட்டக்காரருக்குத் தந்த அவகாசம் அது. 1848 ஜூலை 3-இல், ஆயிரக்கணக்கான அடிமைகள் பிரெடரிக்ஸ்டெட் கோட்டையின் முன் திரண்டு நின்று விடுதலை கேட்டபோதுதான், ஆளுநன் பான் ஷோல்டன் "நீங்கள் விடுதலை பெற்றீர்கள்" என்றான். கருணையால் வந்த விடுதலை அன்று. திரண்டதால் வந்த விடுதலை! 1917-இல் டென்மார்க் அந்தத் தீவுகளை அமெரிக்காவுக்கு 2 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்றது. விற்பனைக்கு முன் தீவு மக்களிடம் வாக்குக் கேட்கவில்லை. சடங்கன்பாடிக் கதைதான்; கடல் மட்டும் வேறு!

*

"கேட்டீர்களா வெள்ளையன் கொடுமையை!" என்று இந்த இடத்தில் ஆத்திரத்தோடு எழுந்து நிற்பர், நம் நாட்டுப் பழம்பெருமை பேசுவோர். அவர்களை உட்காரச் சொல்கிறோம். ஏனெனில் கணக்கின் பெரும்பகுதி இனித்தான் வருகிறது.

வாங்கியவன் வெள்ளையன். விற்றவன் யார்?

டச்சுக்காரர் 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தனர். அடுத்த ஆண்டே பீசப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் தஞ்சையைச் சூறையாடின. 1659 முதல் 1661 வரையிலான காலத்தில், இந்தக் கரையிலிருந்து அவர்கள் கப்பலேற்றிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் என்பது வரலாற்றாசிரியர் கணக்கு. பெரும்பாலோர் இலங்கைக்கு, சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். தரங்கம்பாடிக் கரையும் இந்த வணிகத்துக்கு விலக்கன்று. பெற்றோர் வயிற்றுக் கொடுமையால் பிள்ளைகளை விற்ற செய்தியைச் சமயப் பரப்பாளர்களே எழுதி வைத்துள்ளனர்.

நெற்களஞ்சியம் என்று பெயர்! காவிரி பாயும் பூமி! ஆயினும் நெல்லை விளைத்தவன் தன் பிள்ளையை நெல்லுக்கு விற்றான். ஏன்? விளைத்தவனிடம் நெல் இல்லை. நெல் மிராசுதாரின் சேரில் இருந்தது. கோயிலின் களஞ்சியத்தில் இருந்தது. மடத்தின் குதிரில் இருந்தது. அவனிடம் இருந்தது பிள்ளை மட்டுமே!

கப்பல் வருவதற்கு முன்பே இங்கே சந்தை இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகள், கோயிலுக்குத் தங்களையே விற்றுக்கொண்டோரின் பெயரைச் சொல்கின்றன. நிலத்தோடு ஆளையும் சேர்த்து விற்ற அடிமை ஓலைகள் சொல்கின்றன. பறையன் என்றும் பள்ளன் என்றும் பிறப்பிலேயே முத்திரை குத்தி, இவன் உழைப்பதற்கு, அவன் உண்பதற்கு என்று விதித்தது டேனிஷ் சட்டமன்று, மனுவின் சட்டம்! ஐரோப்பியன் மனிதனைச் சரக்காக்குவதற்குத் துப்பாக்கி ஏந்தினான். நம் நாட்டு மேற்குடியானுக்குத் துப்பாக்கியும் தேவைப்படவில்லை. சுலோகமே போதுமானதாக இருந்தது. அவன் சங்கிலியை இரும்பால் செய்தான். இவன் சங்கிலியை விதியால் செய்தான். இரும்பை அரம் அறுக்கும். விதியை அறுக்கப் பகுத்தறிவு வேண்டும்.

1843-இல் அடிமைத்தனத்துக்குச் சட்டத்தின் ஏற்பு இல்லை என்று கும்பினி அரசு சட்டம் செய்தது. ஈராண்டு கழித்து, 1845-இல், டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கும்பினிக்கு 12½ லட்சம் ரூபாய்க்கு விற்றது. 1784 முதல் ஆளுநரின் இருப்பிடமாக விளங்கிய மாளிகையும் கைமாறியது. ஊர் விலைபோயிற்று, கோட்டை விலைபோயிற்று, மாளிகை விலைபோயிற்று. அங்கே வாழ்ந்த மக்கள்? அவர்கள் விலைப்பட்டியலிலும் இல்லை! சரக்காக இருந்தபோது விலையேனும் இருந்தது; சட்டம் 'விடுதலை' தந்தபின் அதுவும் போயிற்று.

*

சரக்கு என்ற பெயர் போய், கூலி என்ற பெயர் வந்தது. தரங்கம்பாடிக்குத் தெற்கே சில கல் தொலைவில் காரைக்கால், பிரெஞ்சுக்காரர் துறைமுகம். கரீபியத்தின் கறுப்பர் விடுதலை பெற்று, கரும்புத் தோட்டத்தைவிட்டு வெளியேறியதும், தோட்டக்காரர் கண் இந்தக் கரையின்மேல் விழுந்தது. 1853-இல் மார்ட்டினிக் தீவுக்கு முதற் கப்பல் சென்றது. 1854 கிறித்துமசுக்கு முன்னாள் குவாதலூப்பில் 'ஒரேலி' என்னும் கப்பல் கரைசேர்ந்தது. 1889-க்குள் குவாதலூப் தீவுக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பலர் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறிய தமிழர். காவிரிச் சேற்றை உதறிய கால்கள் கரும்புக் கொல்லையில் பதிந்தன.

போனவர்கள் மாரியம்மனையும் கூட்டிச் சென்றனர். இன்றும் அந்தத் தீவுகளில் மாரிக்குக் கோயில் உண்டு. ஆடு பலி உண்டு. தமிழ் மறந்தபின்னும் பூசைப் பாட்டு மறக்கவில்லை. அவர்களை நாம் எள்ளமாட்டோம். அனாதையானவன் கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொள்வான். ஆனால் கேட்கிறோம்: கடல் கடந்து சென்ற மாரி, ஒப்பந்தச் சீட்டைக் கிழித்தாளா? கசையைத் தடுத்தாளா? திரும்பும் கப்பலை அனுப்பினாளா? இல்லையே! அந்த மக்களுக்குக் குடியுரிமை வாங்கித் தந்தவன் ஒரு மனிதன். என்றி சிதம்பரம் அவன் பெயர். கூலியாகச் சென்றோரின் வழியில் குவாதலூப்பில் பிறந்தவன். 1904-இல் வழக்கைத் தொடங்கினான், 1923-இல் வென்றான். பத்தொன்பது ஆண்டு, பூசாரி இல்லாமல், பலி இல்லாமல், சட்டப் புத்தகத்தோடு போராடிப் பெற்ற வெற்றி! மாளிகைக்கு விளக்குப் போடுவோர் இந்தச் சிதம்பரத்தின் பெயரை ஒரு பலகையிலேனும் எழுதினார்களா?

*

கடல் கடந்தவன் கதை இது. கடக்காமல் இங்கேயே இருந்தவன் என்னானான்?

அவன் பண்ணையாள் ஆனான். அவன் வீடு அவனுடையதன்று. மூங்கில், கீற்று, மண்சுவர் எல்லாம் அவன் உழைப்பு. ஆனால் மனை மிராசுதாருடையது. எதிர்த்து ஒரு சொல் சொன்னால் வேலை போகும். வேலை போனால் குடிசையும் போகும். சவுக்கடியும் சாணிப்பாலும் கீழத்தஞ்சையின் நாள்வழக்காக இருந்தன. 1940-களில் சீனிவாசராவ் போன்ற பொதுவுடைமைத் தோழர்கள் சேரிகளில் சங்கம் வைத்து அதை எதிர்த்தனர். சுயமரியாதைக்காரர்கள் சேரிக்குள் சென்று, "நீ தாழ்ந்தவன் அல்லன்" என்று உரைத்தனர். 1952-இல்தான் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் குடும்பங்கள் உயிருக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் ஒதுங்கின. குடிசைக்குத் தீ வைத்தனர். 44 பேர் வெந்து மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே பெரும்பாலோர். அண்ணா முதலமைச்சராக இருந்த காலம் அது. கழக ஆட்சியில் நடந்தது என்பதற்காக அதைச் சொல்லாமல் விடுவது பகுத்தறிவாளருக்கு அழகன்று. கீழ்நீதிமன்றம் நிலவுடைமையாளரைத் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது. பெருஞ்செல்வர்களான நிலக்கிழார்கள் தாமே நடந்துவந்து தீ வைத்தார்கள் என்பது நம்பத்தக்கதன்று என்று அந்தத் தீர்ப்பு கருதியது. மாளிகையில் வாழ்ந்ததே மாசின்மைக்குச் சான்றாயிற்று! குடிசையில் வெந்ததற்குச் சாம்பலும் சான்றாகவில்லை!

1971-இல், கலைஞர் ஆட்சியில், குடியிருப்புச் சட்டம் வந்தது. உழவனும் உழவுத் தொழிலாளியும் குடியிருந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்றது. கணக்குப் போடுங்கள், தோழர்களே! கடல் கடந்து வந்தவனுக்கு இந்த மண்ணில் மனை கிடைத்தது 1620-இல், ஒரே ஓலையில். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே உழைத்தவனுக்கு மனை கிடைத்தது 1971-இல். இடையே 351 ஆண்டுகள்! மாளிகையின் விலை என்ன என்று தொடக்கத்தில் கேட்டோமே, இதுதான் அந்த விலை.

*

"அப்படியானால் மாளிகையை இடிக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பர். இல்லை. இடித்தால் சான்று அழியும். குற்றம் நடந்த இடத்தைப் பாதுகாப்பது விசாரணைக்கு உதவும்; ஆனால் அதைப் பாதுகாத்துப் பள்ளியறையாக்கிப் பன்னீர் தெளிப்பது விசாரணை ஆகாது.

"பழங்கதையை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று கேட்பர். பழங்கதையைக் கிளறியவர் நாமல்லர். செங்கல்லைச் செப்பனிட்டவர்கள் கிளறினார்கள். நாம் கேட்பது, பாதியில் நிறுத்தாதீர்கள் என்பதே.

உலகெங்கும் இதே வழக்கந்தான். கரீபியக் கடலில், சாண்டோ டொமிங்கோ நகரில், கொலம்பசின் மகன் டியேகோ 1510-களில் எழுப்பிய ஸ்பானிய மாளிகை ஒன்று உண்டு. அந்தத் தீவின் பழங்குடியான டாய்னோ மக்களின் கட்டாய உழைப்பில் எழுந்தது. அந்த மக்களோ அடிமை வேலையாலும் கொள்ளை நோயாலும் அழிந்தனர். 1950-களில் அதைப் பழுதுபார்த்துப் பளபளப்பாக்கிய ஆட்சி எது? துருஹியோ என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி! மக்களை ஒடுக்குவோனுக்குப் பழைய மாளிகைமீது பாசம் பிறப்பதில் வியப்பில்லை. மக்களாட்சிக்கு அந்தப் பாசம் மட்டும் போதாது, வாய்மையும் வேண்டும்.

நாம் கேட்பன பெரியனவல்ல. ஆளுநர் மாளிகையிலும் டான்ஸ்போர்க் கோட்டையிலும், பீரங்கியும் பீங்கானும் பற்றிச் சொல்லும் பலகைகளோடு, இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்ட அடிமைகளைப் பற்றியும், தமிழ்த் துணி கொடுத்து வாங்கப்பட்ட ஆப்பிரிக்கரைப் பற்றியும், தெளிந்த தமிழில் பலகை வேண்டும். பொன்னேட்டின் படி ஒன்றும், அடிமை ஓலையின் படி ஒன்றும் அடுத்தடுத்து இருக்கவேண்டும். பார்ப்பவன் இரண்டையும் படிக்கட்டும். எது எதைத் தாங்கி நின்றது என்று அவனே தெளியட்டும்.

அதைவிடப் பெரிய வேலை நம் இளைஞர்களுடையது. ஆளுநரின் இல்லத்துக்கு ஆவணம் உண்டு, வரைபடம் உண்டு, வல்லுநர் உண்டு. சேரிக் குடிசைக்கு யார் உண்டு? நீங்கள் உண்டு! மயிலாடுதுறையிலும் நாகையிலும் திருவாரூரிலும் தஞ்சையிலும் உள்ள படிப்பகத் தோழர்கள் தத்தம் ஊரின் குடிசைகளுக்குச் செல்லுங்கள். முதியோரைக் கேளுங்கள். இந்த மனையில் முதலில் கால் நட்டவர் யார்? எந்தப் பண்ணையின் ஆள்? எத்தனை முறை விரட்டப்பட்டார்? பட்டா எந்த ஆண்டு கைக்கு வந்தது? இன்னும் வராதவர் எத்தனை பேர்? எழுதுங்கள்! வராதவர் பெயரை வட்டாட்சியர் மேசைக்குக் கொண்டுசெல்லுங்கள். வந்தவர் வரலாற்றை ஊர்ப் படிப்பகத்தில் வையுங்கள்.

செங்கல் பேசாது, சுண்ணாம்பு பேசாது. அவற்றைச் சுமந்தவனின் பேரன் பேசுவான். அவன் பேசுவதை எழுதி முடிக்கும்வரை தரங்கம்பாடி மாளிகையின் வரலாறு முடிந்ததாகாது.